என் மகளின் இரும்பு ஷூவுக்குப் பொட்டு வைத்த மாரியம்மா

மாரியம்மாவை நம்பிப் பிழைக்கிற அக்கா தங்கச்சிகள் எல்லோருக்கும் ராஜம்மாவின் கும்பிடு. வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜை முடிந்ததும் ஆளாளுக்குத் தங்கள் அனுபவத்தைச் சொல்வீர்கள். நான் மட்டும் சுண்டலை மென்றுகொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். "ஏன் ராஜம்மா, உனுக்கு வாயே இல்லையா?" என்று பூசாரி வீட்டு அக்கா போன வாரம் கேட்டுவிட்டார்கள். எனக்கா வாய் இல்லை? என் வாயைப் பற்றி எங்கள் லைன் வீடுகள் மொத்தத்துக்கும் தெரியும். இந்த ஒரு விஷயத்தைப் பேச ஆரம்பித்தால் மட்டும் பாதியிலேயே அழுதுவிடுவேன். அதனால் எழுதிவிடுகிறேன்.

1996-ஆம் வருஷம், ஆகஸ்ட் மாதம். மகள் மஞ்சுளா மதியச் சாப்பாட்டுக்குத் தட்டை எடுத்துப் போக மறந்துவிட்டாள். அதைக் கொடுக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மணி அடித்திருந்தது. பிள்ளைகள் எல்லாம் கத்திக்கொண்டு வெளியே ஓடுகின்றன. நாலாம் வகுப்பு வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. அந்த வரிசையில் என் மகளின் காலிப்பர் ஷூவும் சாய்ந்து கிடந்தது. ஓடுகிற பிள்ளைகள் அதைத் தாண்டியும் மிதித்தும் போனார்கள். உள்ளே பார்த்தேன். மஞ்சுளா இரண்டு கையையும் தரையில் ஊன்றி, பாவாடை தரையைக் கூட்ட, இடுப்பை இழுத்து இழுத்து வாசலை நோக்கி வந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டும். எங்களுக்குச் சொந்த ஊர் ஊத்தங்கரை பக்கம் கல்லாவி. மஞ்சுவுக்கு ஒன்றரை வயதில் போலியோ வந்தது. இடது கால் முழுக்கச் சோர்ந்து போனது, வலது காலிலும் பாதி பலம்தான். ஆறு வயதில் தர்மபுரியில் ஒரு முகாமில் அளவெடுத்து காலிப்பர் கொடுத்தார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கனமான தோல் பூட்ஸ், அதன் இரண்டு பக்கமும் தொடை வரைக்கும் இரும்புக் கம்பி, முழங்காலில் ஒரு பூட்டு. பூட்டைப் போட்டால் நிற்கலாம், நடக்கலாம். எடுத்துவிட்டால் உட்காரலாம். அதை முதன்முதலில் மாட்டிக்கொண்டு என் மகள் எழுந்து நின்றபோது, "அம்மா, நான் இவ்ளோ உசரமா!" என்றாள். கல்லாவிப் பள்ளிக்கூடத்தில் அவளை ஷூவோடுதான் சுவர் ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார்கள். அது ஒரு பெரிய விஷயம் என்றே எனக்கு அப்போது தெரியாது.

வீட்டுக்காரருக்கு ஓசூர் சிப்காட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் வெல்டர் வேலை நிரந்தரமானது. 96 மே மாதம் குடும்பத்தோடு வந்துவிட்டோம். ஜூனில் மஞ்சுவை நாலாம் வகுப்பில் சேர்க்கப் பக்கத்தில் இருந்த நடுநிலைப் பள்ளிக்குப் போனோம். பெரிய டீச்சர் நல்ல மனுஷிதான். நெற்றி நிறைய விபூதி, பேச்சில் கண்டிப்பு. மஞ்சுவை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குன்னு சேலத்துப் பக்கம் ஹாஸ்டலோட ஸ்கூல் இருக்கும்மா. அங்க சேருங்க. இங்க பார்த்துக்க எங்ககிட்ட ஆள் இல்ல."

"ஒம்பது வயசுப் பொண்ண எப்படிங்க டீச்சர் தனியா விடறது?"

"அவ நல்லதுக்குத்தான் சொல்றேன்."

சேர்த்துக்கொள்ளாமலே அனுப்பிவிட்டார்கள். நான் வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தேன்.

அந்த மாதம் காலிப்பருக்குப் புது வார் போட கிருஷ்ணகிரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அங்கே பயிற்சி கொடுக்கிற ஒரு அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த அம்மாதான் சொன்னார்கள். "புதுசா சட்டம் வந்திருக்கு ராஜம்மா. ஊனமான பிள்ளைங்க மத்த பிள்ளைங்களோட சாதாரணப் பள்ளிக்கூடத்துல படிக்கலாம், பதினெட்டு வயசு வரைக்கும் படிக்க வைக்கறது அரசாங்கத்தோட பொறுப்பு. அது தர்மமில்ல, உரிமை. திங்கக்கிழமை தர்மபுரி கலெக்டர் ஆபீசுல மனு குடு." உரிமை என்ற வார்த்தையை ரேஷன் கடையில் சண்டை போடும்போதுதான் நான் கேட்டிருக்கிறேன். என் மகளுக்கும் அது உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அம்மன் சந்நிதியில் எலுமிச்சம்பழம் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, மஞ்சுவையும் கூட்டிக்கொண்டு தர்மபுரிக்கு பஸ் ஏறினேன். கூட்டம் என்றால் கூட்டம். எங்கள் முறை வந்ததும் அதிகாரி மஞ்சுவிடமே கேட்டார். "என்ன வேணும் பாப்பா?" "நாலாங்கிளாஸ் வேணும் சார்" என்றாள். அவர் சிரித்துவிட்டார். கொஞ்ச நாளில் கல்வி அலுவலகத்திலிருந்து பள்ளிக்குச் சொல்லிவிட்டார்கள். மஞ்சுவைச் சேர்த்துக்கொண்டார்கள். நான் லைன் வீடுகள் முழுக்கக் கற்கண்டு கொடுத்தேன். அம்மா ஜெயிக்க வைத்துவிட்டாள் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

பீற்றியது ஆறுவதற்குள்தான், தட்டைக் கொடுக்கப் போன அந்த மதியம், முதலில் சொன்னேனே, அந்தக் காட்சியைக் கண்ணால் பார்த்தேன்.

நேராகப் பெரிய டீச்சர் அறைக்குப் போனேன். அந்த அம்மா கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். பொறுமையாக விளக்கினார்கள். நாலாம் வகுப்புக்குப் பெஞ்ச் கிடையாது. எல்லாப் பிள்ளைகளும் தரையில்தான் உட்காருகிறார்கள். அதே தரையில்தான் மதியம் சோறு சாப்பிடுகிறார்கள். அதனால் யாரும் செருப்போடு உள்ளே வரக்கூடாது. முப்பது வருஷமாக இதுதான் வழக்கம்.

"அது செருப்பு இல்லீங்க டீச்சர். அது இல்லாம அவ நிக்க முடியாது."

"தோல்ல செஞ்சு கால்ல போடறது செருப்புதானம்மா. ரோட்டு மண்ணு எல்லாம் அதுல இருக்கு."

"சட்டம் இருக்குதுங்க டீச்சர்."

"சேர்த்துக்கணும்னு சட்டம் சொல்லுச்சு, சேர்த்துட்டேன். ஷூவோட உள்ள விடணும்னு சட்டத்துல எழுதியிருக்கா?" என்று கேட்டுவிட்டு, இன்னொன்றும் கேட்டார்கள். "கோயிலுக்குப் போறீங்கல்ல? அங்க இதோட உள்ள கூட்டிட்டுப் போறீங்களா, வாசல்ல கழட்டிட்டுத் தூக்கிட்டுப் போறீங்களா? எனக்கு இந்தப் பள்ளிக்கூடம் கோயில் மாதிரி."

நான் பேச முடியாமல் நின்றது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். ஏனென்றால் அந்த அம்மா சொன்னது உண்மை. நம் மாரியம்மன் கோயில் வாசலில் காலிப்பரைக் கழற்றி வைத்துவிட்டு, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் நான் உள்ளே வருவேன். நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் கெட்டது. இழுத்து இழுத்து நகர்ந்ததில் மஞ்சுவுக்கு இடது முழங்கால் தேய்ந்து புண்ணானது. புண் சீழ் வைத்தது. காய்ச்சலில் நாலைந்து நாள் கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். டாக்டர் கட்டுப் போட்டு, தரையில் நகரவே கூடாது என்று சொல்லிவிட்டார். புண் ஆறியது, பிள்ளையின் மனசு ஆறவில்லை. "நான் ஸ்கூலுக்குப் போவலம்மா. எல்லாரும் மேல இருக்காங்கோ. நான் மட்டும் கீழ இருந்து அவங்க காலையே பாத்துனு இருக்கேன்." ஒன்பது வயதுப் பிள்ளை இப்படிப் பேசினால் பெற்றவள் என்ன செய்வாள்? சேலத்து ஹாஸ்டலுக்கே அனுப்பிவிடலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். அனுப்பினால் மகள் போய்விடுவாள், வைத்துக்கொண்டால் படிப்பு போய்விடும். இந்த இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பூஜைக்கு முன்னாலேயே வந்து அம்மன் முன்னால் நின்றேன். சண்டைதான் போட்டேன். "தாயே, அந்த டீச்சர் உன்னைச் சாட்சி வெச்சுக் கேக்கறாங்க. உன் வாசல்லயும் கழட்டித்தான் வைக்கறோம். அப்போ நீயும் அவங்க கட்சிதானா? என் பொண்ணு போட்டிருக்கறது செருப்பா, இல்ல அவ காலா? நீ சொல்லு. நீ சொல்ற வரைக்கும் உனக்கு விளக்குப் போடறேன், பூ கட்டித் தரேன், ஆனா உங்கிட்டப் பேச மாட்டேன்." சின்னப் பிள்ளைகள் டூ விடுவது போல அம்மனிடம் டூ விட்டுவிட்டேன். சிரிக்காதீர்கள். பெற்றவளிடம் கோபித்துக்கொள்ளாமல் வேறு யாரிடம் போய்க் கோபித்துக்கொள்வது? வாராவாரம் வந்தேன், விளக்கு ஏற்றினேன், வாயைத் திறக்காமல் திரும்பினேன். அந்த மௌனம்தான் என் வேண்டுதல்.

மஞ்சு அரை மனசாகச் சில நாள் பள்ளிக்குப் போவாள், சில நாள் போகமாட்டாள். அக்டோபரில் ஒரு நாள் செருப்பு வரிசையில் கிடந்த காலிப்பரை யாரோ ஓடும்போது மிதித்து, முழங்கால் பூட்டு வளைந்துவிட்டது. இப்போது வீட்டுக்குள் கூட நிற்க முடியாது. வீட்டுக்காரர் அதைப் பைக்குள் போட்டுக் கம்பெனிக்கு எடுத்துப் போனார். வேலை முடிந்த பிறகு பூட்டைச் சரி செய்து பற்ற வைத்துக்கொண்டு வருவதாகச் சொன்னார். அடுத்த நாள் ஆயுத பூஜை.

சிப்காட்டில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையிலிருந்தே மிஷினையெல்லாம் துடைத்து, எண்ணெய் போட்டு, கேட்டில் வாழைமரம் கட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்து, கம்பெனியே கல்யாண வீடு மாதிரி இருக்கும். வீட்டுக்காரர் பூட்டைப் பற்ற வைத்து முடித்து, சூடு ஆறட்டும் என்று காலிப்பரைத் தன் மேஜை மேல் வைத்திருந்தார். வாழைமரம் கட்ட ஆள் போதவில்லை என்று கூப்பிட்டார்கள், போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால், கிரைண்டிங் மிஷின், டிரில், ஸ்பானர் செட்டு எல்லாம் துடைத்து வரிசையாக வைத்திருக்கிறது. நடுவில் மஞ்சுவின் காலிப்பர். பூட்ஸ் பளபளவென்று துடைத்திருக்கிறது. இரண்டு இரும்புக் கம்பியிலும் மூன்று பட்டை விபூதி, சந்தனம், நடுவில் குங்குமம். மேலே ஒரு முழம் சாமந்திப் பூ.

மனுஷன் பதறிப்போனார். தோல் பூட்ஸைச் சாமிக்கு முன்னால் வைத்தால் குற்றமாகிவிடாதா? எடுத்துவிடலாம் என்று போவதற்குள் முதலாளி குடும்பத்தோடு வந்துவிட்டார். ஐயர் மணியடித்துக்கொண்டே வரிசை முழுக்கக் கற்பூரம் காட்டினார். காலிப்பருக்கும் காட்டினார். பூஜை முடிந்ததும் இவர் போய் ஃபோர்மேன் காதில் விஷயத்தைச் சொல்லி எடுத்துக்கொள்ளக் கேட்டிருக்கிறார். ஃபோர்மேன் அத்திப்பள்ளிக்காரர். "பிடப்பா, நாளெ தகோ", விடுப்பா, நாளைக்கு எடுத்துக்கோ என்று கன்னடத்திலேயே சொல்லிவிட்டார். பூஜையில் வைத்த சாமானை அன்றைக்கு யாரும் தொடக்கூடாதாம், மறுநாள் காலையில் மறுபூஜை முடிந்துதான் எடுக்க வேண்டுமாம்.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார். நான் பிடித்துக்கொண்டேன். "உங்களுக்குப் புத்தி இருக்கா? செருப்பைப் போய் யாராவது சாமி முன்னாடி விடுவாங்களா?" என்றேன். ஆமாம், நானேதான் செருப்பு என்று சொன்னேன், கோபத்தில் வாயில் வந்துவிட்டது.

"நான் வெக்கல ராஜம்மா. எவன் வெச்சான்னு கேட்டேன், எவனுக்கும் தெரியல. தொடைச்சவங்களுக்கு அது செருப்பாவே தெரியலடி. வேலை செய்யற சாமானாத்தான் தெரிஞ்சிருக்கு. டிரில்லுக்கு வெச்சாங்கோ, இதுக்கும் வெச்சுட்டாங்கோ."

அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அது செருப்பா காலா என்று நான் அம்மனிடம் கேட்டு இரண்டு மாதமாகிறது. கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. வாயால் சொல்லவில்லை, பொட்டு வைத்துச் சொல்லிவிட்டாள்! பொட்டு வைத்தது யார் என்று இன்றைக்கு வரைக்கும் அந்தக் கம்பெனியில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். "தாயே, உன்னோட பேசிட்டேன், பேசிட்டேன்" என்று அழுதேன். மஞ்சு பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் விஜயதசமி. அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவுதான், ஆனால் ஒன்றாம் வகுப்பில் புதுப் பிள்ளைகளைச் சேர்ப்பதற்காகப் பெரிய டீச்சர் வந்திருப்பார்கள், சரஸ்வதி படத்துக்குப் பூஜையும் நடக்கும். மறுபூஜை முடிந்து வீட்டுக்காரர் காலிப்பரைக் கொண்டுவந்ததும், பொட்டைக் கலைக்காமல், பூவை மட்டும் எடுத்து அவள் தலையில் வைத்துவிட்டு, மஞ்சுவுக்கு மாட்டிவிட்டேன். பூட்டு டக்கென்று விழுந்தது. மூவரும் போனோம்.

பள்ளிக்கூடத்தில் ஒரே கூட்டம். பெரிய டீச்சர் கற்பூரத் தட்டோடு வகுப்பு வாசலில் நின்றார்கள். மஞ்சு வராந்தாவுக்கு வந்ததும், பாவம், பழக்கதோஷத்தில் சுவரைப் பிடித்துக் குனிந்து வாரைக் கழற்றப் போனாள். அப்போதுதான் டீச்சர் கண்ணில் குங்குமம் பட்டது.

"இதுக்கு யாரு பொட்டு வெச்சது?"

"கம்பெனியில ஆயுத பூஜையில வெச்சாங்க டீச்சர்" என்றார் வீட்டுக்காரர். "மிஷினுங்களோட சேத்து ஐயர் கற்பூரம் காட்டினாரு."

என் முறை வந்தது. கோபமாகப் பேசக்கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் போயிருந்தேன். "டீச்சர், சாமிகிட்டப் பூஜையில இருந்து வந்த சாமான். இத எங்க வைக்கணும்னு நீங்களே சொல்லுங்க. அந்தச் செருப்புங்களோட வைக்கச் சொன்னீங்கன்னா வெச்சுடறேன்."

தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. புதுப் பிள்ளைகளைக் கூட்டி வந்தவர்கள் எல்லாம் எங்களையே பார்த்தார்கள். அந்த அம்மா தட்டைப் பக்கத்தில் இருந்த டீச்சரிடம் கொடுத்தார்கள். குனிந்து, வாரைப் பிரித்துக்கொண்டிருந்த மஞ்சுவின் கையைப் பிடித்தார்கள்.

"கழட்டாத கண்ணு. இப்படியே உள்ள வா."

மஞ்சு என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். டக், டக், டக் என்று அந்த வகுப்புக்குள் நடந்து போய், சரஸ்வதி படத்துக்கு முன்னால் நிமிர்ந்து நின்று கும்பிட்டாள். வீட்டுக்காரர் தூணுக்குப் பின்னால் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெரிய டீச்சர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்கள். "இவ்வளவு நாளா எனக்கு அது செருப்பாவே தெரிஞ்சுதும்மா." அந்த அம்மா கண்ணிலும் தண்ணீர். அன்றோடு எனக்கு அவர்கள் மேல் இருந்த கோபம் தீர்ந்தது.

அடுத்த வாரமே எட்டாம் வகுப்பிலிருந்து ஒரு பெஞ்ச் நாலாம் வகுப்புக்கு வந்தது. தனியாக உட்கார்ந்தால் பிள்ளை வருத்தப்படும் என்று, முறை வைத்து இன்னும் இரண்டு பிள்ளைகளை அதில் உட்கார வைத்தார்கள். அந்த முறைக்குப் பிள்ளைகளுக்குள் அடிதடி! வாசலில் ஈரச் சாக்கு ஒன்று போட்டார்கள், மஞ்சு பூட்ஸை அதில் தேய்த்துவிட்டு உள்ளே போவாள். பிறகு பார்வையிட வந்த கல்வி அலுவலர், சட்டம் சொல்வதே இதுதான், பிள்ளைக்கு ஏற்ற மாதிரிப் பள்ளிக்கூடம் மாற வேண்டும் என்று சொல்லி, கழிப்பறைப் படிக்குப் பக்கத்தில் சரிவாக சிமென்ட் போடவும், பிடித்துக்கொள்ளக் கம்பி வைக்கவும் ஏற்பாடு செய்தார். கம்பியை வீட்டுக்காரரே பற்ற வைத்துக் கொடுத்தார். மறு வருஷம் சுதந்திர தினத்துக்கு உறுதிமொழி வாசித்தது யார் தெரியுமா? மைக்குக்கு முன்னால் நின்றுகொண்டு என் மகள்தான்!

நம் கோயிலிலும் அப்படியே ஆனது. நடந்ததை நான் அரைகுறையாகச் சொன்னதுமே, பூசாரி வீட்டு அக்கா ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து பூட்ஸைத் தானே கழுவிவிட்டு, "உள்ள வாடி, நீ நடந்து வரதப் பாக்கணும்னுதான் ஆத்தா இந்தக் கூத்தெல்லாம் பண்ணியிருக்கா" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்கள். சொம்பு பிடித்த கைக்கே மறந்திருக்கும், எனக்கு மறக்காது.

இப்போது 1999. மஞ்சு ஏழாம் வகுப்பு. அறிவியலில் வகுப்பில் முதல் மார்க். கம்பெனியில் மிஷின் டிசைன் போடுகிற வேலைக்குப் படிக்கப் போகிறாளாம். நான் ஹாஸ்டலுக்கு அனுப்ப மனசில்லாமல் அழுத பிள்ளை, இன்றைக்கு, "காலேஜ் ஹாஸ்டல்ல நானே போய் இருந்துக்குவேன், நீ அழாத" என்று என்னைக் கேலி செய்கிறாள்.

சாமியைக் கும்பிட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துகொண்டால் போதும் என்று நான் சொல்லவில்லை. தர்மபுரிக்கு பஸ் ஏற வேண்டும், அதிகாரி முன்னால் நிற்க வேண்டும், டீச்சரிடம் வாய் திறந்து கேட்க வேண்டும். அந்தச் சட்டத்தைச் சரியான நேரத்தில் என் காதில் போட்டதும் அவள்தான், சட்டத்தில் எழுதாமல் விட்டதைப் பொட்டு வைத்து எழுதியதும் அவள்தான். உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில், ஊனமான பிள்ளை இருந்தால் மூலையில் வைக்காதீர்கள். அம்மாவிடம் கேளுங்கள். கோபம் வந்தால் கோபமாகவே கேளுங்கள், அவள் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டாள்.

போன ஜூன் மாதம் மஞ்சுவைப் பள்ளியில் விடப் போயிருந்தேன். வேப்பனப்பள்ளிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த ஒரு குடும்பம், ஐந்து வயதுப் பெண் பிள்ளையோடு கேட்டில் நின்றது. பிள்ளை காலிலும் காலிப்பர். உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்று பயந்து, அந்தத் தாய் குனிந்து அவசரமாக வாரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் சொல்ல ஓடினேன். எனக்கு முன்னால், முழுப் பள்ளிக்கூடத்துக்கும் கேட்கிற மாதிரி, வராந்தாவிலிருந்து பெரிய டீச்சர் குரல் வந்தது.

"ஏம்மா, என்னத்துக்குக் கழட்டறே? பிள்ளைய நடந்து வரச் சொல்லு. அவளுக்குப் பெஞ்ச் போட்டாச்சு."